ஃப்ரிட்ஜ் மேல் முளைத்த பாலிகை

கல்யாணம் நிச்சயமான மறுவாரமே என் மகள் எனக்குத் துணை தேட ஆரம்பித்தாள். அவள் பெங்களூருக்குப் போய்விட்டால் அயனம்பாக்கத்து வீட்டில் நான் ஒருத்தி உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேனாம். முதலில் நாய்க்குட்டி என்றாள். காலையில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் கம்பெனி வண்டி ஏறினால் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவள் நான். அந்த நாயை யார் பார்ப்பது, வாட்ச்மேனா என்று கேட்டேன். பிறகு யோகா வகுப்பு என்றாள். கடைசியில் ஒரு அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. உள்ளே செங்கல் மாதிரி அழுத்திய தேங்காய்நார்த் தூள், சின்னச் சின்னக் கிண்ணங்கள், தண்ணீர் தெளிக்கிற பாட்டில், நாலைந்து விதைப் பொட்டலங்கள். வீட்டுக்குள் வைக்கிற அழகுச் செடிகளாம். விதையிலிருந்து வளர்த்தால் மனதுக்கு ஆறுதலாம். பெட்டி மேலேயே அப்படி அச்சடித்திருந்தது. எனக்கு ஆறுதல் தேவை என்று அந்தப் பெட்டிக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

நான் கணவரை இழந்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் அனுதாபத்துக்காகச் சொன்ன மாதிரி ஆகிவிடும். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அவர் போனார். அதன் பிறகு ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் சேர்ந்து, நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்து, அவளைப் படிக்க வைத்து ஆளாக்கினேன். இதில் எதற்கும் யாரும் என் கையில் ராசி பார்க்கவில்லை.

பெட்டியைப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை அந்த நார்ச் செங்கல்லை அப்படியே பக்கெட்டில் போட்டுத் தண்ணீர் விட்டேன். ஒரு மூலையை உடைத்துப் போட்டால் போதும் என்று உள்ளே ஒரு சீட்டில் எழுதியிருந்ததாம். சீட்டை யார் படித்தார்கள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பக்கெட் பொங்கி, பாத்ரூம் தரையெல்லாம் காபித்தூள் கொட்டின மாதிரி கிடக்கிறது. அள்ளி அள்ளிக் கை ஓய்ந்து, கடைசியில் அரிசிச் சாக்கில் கட்டி பால்கனியில் வைத்தேன். நாலு கிண்ணம் செடிக்கு ஒரு சாக்கு மண். என் மாமனார் வீட்டில் எல்லோரும் ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு வயிறு வளர்த்தவர்கள். பார்த்திருந்தால் கைகொட்டிச் சிரித்திருப்பார்கள்.

கோலியஸ் என்ற செடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. பூவே வேண்டாம் என்கிற அளவுக்கு இலையிலேயே சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். அதன் விதை மூக்குப்பொடி மாதிரி. பலமாக மூச்சு விட்டால் பறந்துவிடும். நான் அதைத் தூவி, மேலே விரல்கடை உயரத்துக்கு மண்ணை மூடி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். அதுவும் சாதாரணத் தண்ணீர் இல்லை, குடிதண்ணீர் மெஷின் கழித்துவிடுகிற தண்ணீர். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. மெஷின் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுத்தால் அதைவிட அதிகமாகக் கழிக்கும். கொட்ட மனசு வராமல் அதைப் பிடித்துவைத்து, பாத்திரம் தேய்க்க, தரை துடைக்க, செடிக்கு என்று பயன்படுத்துவது இங்கே பாதி வீட்டு வழக்கம். உப்பைப் பிரித்தெடுத்து, பிரித்த உப்பை விதை தலையில் ஊற்றுகிறோம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. கொஞ்ச நாள் கழித்து மண்மேல் வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிந்தது. முளை வந்துவிட்டது என்று மகளுக்கு போட்டோ அனுப்பினேன். "அம்மா, அது பூஞ்சை" என்று பதில் வந்தது.

எனக்குக் கோபம் வந்தால் சுலபத்தில் இறங்காது. ஒரு மூக்குப்பொடி விதையிடம் தோற்பதா என்று இருந்தது. வண்டியில் போகும்போதும் வரும்போதும் போனில் வீடியோ பார்த்தேன். அதில் வந்தவர்கள் எல்லோரும் தோற்றே பழக்கமில்லாத மாதிரி சிரித்துக்கொண்டே பேசினார்கள். இருந்தாலும் விஷயம் பிடிபட்டது. கோலியஸ் விதையை மூடவே கூடாது, அதற்கு வெளிச்சம் வேண்டும், மண்மேல் சும்மா கிடந்தால் போதும். நார்த்தூளைக் கையில் பிடித்து இறுக்கினால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது. மேலே தண்ணீர் ஊற்றாமல் கிண்ணத்தைத் தட்டில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விட வேண்டும். கதகதப்பு வேண்டும். எங்கள் வீட்டில் வருஷம் முழுக்கக் கதகதப்பாக இருக்கிற இடம் ஃப்ரிட்ஜின் மண்டைதான். அங்கே இருந்த காலண்டர், டார்ச், சாவிக்கொத்து எல்லாவற்றையும் காலி செய்துவிட்டுக் கிண்ணங்களை ஏற்றினேன்.

இரண்டாம் தடவை முளைத்தது. ஒரு காலையில் சோற்றை டப்பாவில் போட்டுக்கொண்டே எட்டிப் பார்க்கிறேன், ஊசிமுனை அளவுக்குப் பச்சையாக இரண்டு இலை. பக்கத்தில் இன்னொன்று. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்துக்கொண்டே நின்றதில் கம்பெனி வண்டி போய்விட்டது. ஷேர் ஆட்டோவில் போனேன். சூப்பர்வைசர் ஏன் லேட் என்று கேட்டபோது உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது, தலைவலி என்றேன். ஆனால் அன்றைக்கு முழுக்க சந்தோஷமாக இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் அண்ணி வந்து இறங்கினார். அண்ணி என்றால் என் நாத்தனார், என் கணவருக்கு அக்கா. முத்தாபுதுப்பேட்டையில் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் அவர்தான் மேஸ்திரி. கல்யாண வேலையெல்லாம் முடியும்வரை எங்கள் வீட்டிலேயே தங்கிவிடுவதாகச் சொல்லிக்கொண்டு இரண்டு பையோடு உள்ளே வந்தவர், ஃப்ரிட்ஜ் மேலே பார்த்தார்.

"இன்னா இது, துளசியா?"

"இல்ல அண்ணி, கோலியஸ். ஊட்டுக்குள்ள வளக்குற அழகுச் செடி."

"பூக்குமா?"

"பூக்கும். ஆனா பூவக் கிள்ளிடணும்."

"காய்க்குமா?"

"காய்க்காது."

"அப்ப இன்னாத்துக்கு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் கை கால் கழுவப் போனார்.

எங்களில் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடுகிற அன்று ஐந்து மண் கிண்ணத்தில் நவதானியம் விதைப்பார்கள். ஐந்து சுமங்கலிகள் விதைக்க வேண்டும். வீட்டுக்குள் வைத்து முளைக்க விட்டு, முகூர்த்தத்தன்று மேடையில் அடுக்கி, பால் விடுவார்கள். பாலிகை என்று பெயர். பாலிகை செழித்தால் பெண்ணும் மாப்பிள்ளையும் செழிப்பார்கள். செழிக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், முகத்தில் காட்டுவார்கள். யோசித்துப் பார்த்தால், வீட்டுக்குள் விதையிலிருந்து செடி வளர்ப்பதை நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். அட்டைப்பெட்டிதான் புதிது.

"பாலிகைக்கு அஞ்சு பேர சொல்லிட்டேன்" என்றார் அண்ணி. "மொதல்ல நான் போடறேன். நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத. உனுக்கு மத்த வேல எவ்ளோ கீது."

என் மகள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மாவும் போடட்டுமே அத்தை."

"சாஸ்திரத்துல தப்பு நடந்தா யாருக்கு ஆவும்? எனுக்கா ஆவும்? உனுக்குத்தாம்மா ஆவும்."

"அப்ப பாலிகையே வேணாம்."

அவளைக் கையைப் பிடித்து சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சும்மா இரு, கல்யாண வீட்டில் சண்டை வேண்டாம், எனக்கு அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்றேன். ஒன்றுமே இல்லையாவது. அவளுக்குச் சோறு ஊட்டிய கை, தலை பின்னிய கை, ஃபீஸ் கட்டிய கை. அந்தக் கையால் நாலு பயறு போட்டால் அவள் வாழ்க்கை கெட்டுவிடுமாம். ஒரே ஒரு மகள், ஒரே ஒரு கல்யாணம். அதில் ஒரு மங்கலக் காரியமாவது என் கையால் நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் ஆசை. அதை வாய்விட்டுச் சொன்னால் கல்யாணத்தைக் கெடுக்க வந்தவள் என்று பேர் வரும்.

பந்தக்கால் நட்டார்கள். அபார்ட்மென்ட் கேட்டில், செக்ரட்டரி காட்டிய கம்பியில் கட்டினார்கள் என்பதுதான் சரி. ஐந்து பெண்கள் பட்டுப்புடவையில் வந்து, பூஜைக் கடைப் பொட்டலத்தைப் பிரித்து ஐந்து கிண்ணத்திலும் தூவி, ஆளுக்கொரு டம்ளர் பாலும் தண்ணீரும் கலந்து ஊற்றினார்கள். நான் கூடத்து ஓரத்தில் நின்று பார்த்தேன். என் கண்ணுக்கு அந்தப் பொட்டலத்தில் பாதி வண்டு துளைத்ததாகத் தெரிந்தது. துவரை என்று போட்டிருந்தது உடைத்த பருப்பு. கிண்ணத்தில் அடியில் ஓட்டை இல்லை. அண்ணி கிண்ணங்களைப் பூஜை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். அதன் பிறகு காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர் என்று அபிஷேகம் நடந்தது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "தண்ணி ஜாஸ்தி அண்ணி. அழுகிடும்."

"நான் கோலியஸ் வளக்கலம்மா. பாலிகை வளக்குறேன்."

ஆனால் அதற்கு முன்பே நான் ஒரு வேலை செய்திருந்தேன். பந்தக்கால் நட்ட அன்று சாயங்காலம் எல்லோரும் போய், அண்ணியும் கண்ணயர்ந்த பிறகு, சமையலறையில் இருந்த முழுப் பச்சைப்பயறு, உளுந்து, முழுத் துவரை, கொண்டைக்கடலை, கொள்ளு, மொச்சை, எள் என்று எடுத்தேன். இல்லாததற்கு அந்தப் பூஜைப் பொட்டலத்தின் அடியில் மிஞ்சியதைப் பொறுக்கினேன். நெல்லும் கோதுமையும் நன்றாகவே இருந்தன. ஒன்பதும் சேர்ந்தது. பால்கனியில்தான் ஒரு சாக்கு மண் சும்மா கிடக்கிறதே. தயிர் வாங்கிய பிளாஸ்டிக் டப்பாக்களில் ஓட்டை போட்டு, மண்ணை இறுக்கிப் பிழிந்து நிரப்பி, விதைத்து, மூடியால் மூடி கோலியஸுக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். விதைக்கும்போது மனசுக்குள் மகள் பெயரைச் சொன்னேன். யாராவது கேட்டால் கீரை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். யாரும் கேட்கவில்லை. ஃப்ரிட்ஜ் மேல் என்ன இருக்கிறது என்று கல்யாண வீட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்.

மண்டபம் குமணன்சாவடியில். கிளம்ப வேண்டிய நாள் காலையில், மகள் பார்லருக்குப் போயிருந்த நேரம், சாமான் ஏற்ற வேன் கீழே வந்து நின்றபோது, அண்ணி பூஜை அலமாரியைத் திறந்தார். நான் அடுப்பங்கரையில் இருந்தேன், நாற்றம் அங்கேயே வந்தது. புளித்த மாவும் செத்த எலியும் சேர்ந்த நாற்றம். ஓடிப் போய்ப் பார்த்தேன். ஐந்து கிண்ணத்திலும் கொழகொழவென்று வெள்ளைச் சேறு. ஒன்றிரண்டு பயறு வாலை நீட்டிவிட்டு அப்படியே கறுத்துக் கிடந்தது.

யார் என்ன நினைத்தாலும் சரி, சொல்லிவிடுகிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். கோலியஸ் வளக்கலம்மா என்றாரே, நன்றாக வேண்டும் என்று இருந்தது. அடுத்த நிமிஷமே பயம் வந்துவிட்டது. இது வெளியே தெரிந்தால் அண்ணி தண்ணீர் ஊற்றியதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பாலிகை யார் வீட்டு அலமாரியில் அழுகியது என்றுதான் பேசுவார்கள். ஏற்கெனவே அறுத்தவள் வீடு, விளங்குமா என்பார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் காதுக்குப் போகும். என் மகள் தலையில் ஆயுசுக்கும் அந்தப் பேச்சு உட்கார்ந்திருக்கும்.

அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "என் தம்பி பொண்ணும்மா. என் கையால இப்பிடி ஆயிடுச்சே." அவர் அழுது நான் பார்த்தது அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான், என் கணவரைக் கொண்டுபோன அன்று. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விடவில்லை. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை.

ஸ்டூலைப் போட்டு ஏறி, டப்பாக்களை இறக்கி அவர் முன்னால் வைத்து மூடியைத் திறந்தேன். முளைகள் விரல் நீளத்துக்கு, வெளிர்மஞ்சளாக, நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மொச்சை மட்டும் மண்ணை முட்டித் தூக்கிக்கொண்டு அப்போதுதான் எட்டிப் பார்த்தது.

அண்ணி ஒரு டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். "யார் போட்டது?"

"நான்தான்."

"என்னைக்கி?"

"அன்னைக்கே. நீங்கல்லாம் போட்ட அன்னைக்கே."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய் வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தார். அந்த ஐந்து கிண்ணத்தையும் கழுவினார். நான் டப்பாவிலிருந்து மண்ணோடு பெயர்த்துக் கொடுக்க, அவர் கிண்ணத்தில் இறக்கினார். ஒரு முளைகூடச் சாயவில்லை. முடித்த பிறகு, "யாராண்டயும் சொல்லிக்காத" என்றார். சரி என்றேன். கையைக் கழுவிக்கொண்டே, "எப்பிடி வந்துச்சு உனுக்கு?" என்று கேட்டார்.

"தண்ணி ஊத்தாம" என்றேன்.

மறுநாள் காலை மேடையில் அந்த ஐந்து கிண்ணமும் மஞ்சள் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தன. பார்த்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். இந்தக் காலத்தில் இவ்வளவு செழிப்பாக யாருக்கு வருகிறது, எல்லாம் அண்ணி கை ராசி என்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா தங்கள் வீட்டுப் பாலிகையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நான் மூன்றாவது வரிசையில் சிவப்புத் துணி போர்த்திய நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் காதாரக் கேட்டுக்கொண்டிருந்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எழுந்து நின்று அது என் முளைடி என்று கத்த வேண்டும் போல இருந்தது. என் மகள் பட்டுப்புடவையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

ஐயர் மூக்கு வைத்த வெள்ளிக் கிண்டியில் பாலை ஊற்றி நீட்டினார். "விதை போட்டவா கையாலதான் முதல்ல பால் விடணும். யாரு போட்டது? வாங்கோ."

நாலைந்து பேர் அண்ணியைக் காட்டினார்கள். அண்ணி கிண்டியை வாங்கிக்கொண்டார். கிண்ணங்களுக்கு முன்னால் போய்க் குனிந்தார். அப்படியே நின்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணி சாஸ்திரத்தை வாய்க்கு மட்டும் வைத்திருப்பவர் இல்லை, உள்ளபடியே பயப்படுகிறவர். விதைத்தவள் ஒருத்தி, பால் விடுகிறவள் ஒருத்தி என்று பொய்யாகச் செய்தால் அது தம்பி மகளுக்கு ஆகிவிடுமோ என்று பயம். விதைத்தவளைக் கூப்பிட்டால், அவள் தாலி இல்லாதவள், அதுவும் ஆகாது. எந்தப் பக்கம் போனாலும் தப்பு.

"ஆகட்டும்மா, முகூர்த்தம் போறது" என்றார் ஐயர்.

அண்ணி நிமிர்ந்தார். "நான் போடல சாமி" என்றார். மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. "பொண்ணோட அம்மா போட்டுது."

நாதஸ்வரக்காரர் வேறு அந்த நேரம் பார்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. என் மகள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. ஐயர் ஏதாவது சொல்வார், சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "அம்மாதானே, அப்போ அவங்கள சீக்கிரம் வரச் சொல்லுங்கோ." அவ்வளவுதான். இத்தனை வருஷமாக என்னை எட்ட நிற்க வைத்த சாஸ்திரத்துக்கு, சாஸ்திரம் சொல்ல வந்தவரிடம் ஒரு வார்த்தைகூட மிச்சம் இல்லை.

மேடை ஏறினேன். அண்ணி கிண்டியை நீட்டினார். நான் ஐந்து கிண்ணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் விட்டேன். அண்ணி அன்பினால் கூப்பிட்டாரா, பயத்தினால் கூப்பிட்டாரா என்று கேட்டால், பயத்தினால்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு இறங்கத் திரும்பினேன்.

போட்டோக்காரப் பையன் கீழே இருந்து கையை ஆட்டினான். "ஆன்ட்டி, போவாதீங்க. நடுவுல யாரோ பூந்துட்டாங்க, சரியா வரல. இன்னொரு தபா ஊத்துங்க. அந்தப் பெரியம்மா, நீங்களும் சேந்து புடிச்சிக்கோங்க."

பெரியம்மா என்று அவன் சொன்னது அண்ணியை. யார் சுமங்கலி, யார் இல்லை என்பதெல்லாம் அவனுக்கு என்ன தெரியும். என் கணவர் போனதிலிருந்து, அண்ணி விசேஷ நாளில் என் கையிலிருந்து வெற்றிலைத் தட்டைக்கூட நேராக வாங்கியதில்லை. கீழே வை, எடுத்துக்கிறேன் என்பார். இப்போது மண்டபமே பார்த்துக்கொண்டிருக்க, கிண்டியைப் பிடித்திருந்த என் கைமேல் கையை வைத்தார். ஈரமாக, சில்லென்று இருந்தது அந்தக் கை. பையன் விளக்கை நகர்த்தச் சொன்னான், மாலையை ஒதுக்கச் சொன்னான், எங்களைக் கேமராவைப் பார்க்கச் சொன்னான். அவன் போதும் என்று சொல்லி வெகுநேரம் ஆன பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.